பூந்தமல்லிக் கல்வெட்டும் பாக்தாத் மௌனமும்

மேற்கு வாசல் – 14

சென்ற இதழில், 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்தில் புறப்பட்ட முதல் ரயில் நம் ஆவடியைக் கடந்து வாலாஜா ரோடு போய்ச் சேர்ந்த கதையைப் பார்த்தோம். ரயில் வந்தபின் இந்த ஊர்கள் எப்படி மாறின என்று எழுதும் முன், அந்தத் தண்டவாளத்தின் இரு முனைகளிலும் சத்தமில்லாமல் நடந்த வேறொரு வேலையைச் சொல்லியாக வேண்டும். கிழக்கே இராயபுரத்தில் ஒரு முட்காட்டிலும், மேற்கே வாலாஜாவைத் தாண்டி வேலூரில் ஒரு வீட்டிலும் அது நடந்தது. தன் ஆசையை, கோபத்தை, பெருமையை மனிதன் எப்படிப் பழக்குவது என்று கற்பதும் கற்பிப்பதுமே அந்த வேலை. நஃப்ஸோடு, அதாவது தன் உள்ளத்தோடு, போராடுவது என்று தமிழ் முஸ்லிம்கள் அதைச் சொல்வார்கள்.

இதற்கு நம் வட்டாரத்தில் இருக்கும் மிகப் பழைய வாசல் பூந்தமல்லியில் இருக்கிறது. ஆவடியிலிருந்து தெற்கே போகும் சாலை முடியும் அந்தப் பழைய ஊரில், கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சியில் எழுந்த ஒரு பள்ளிவாசல் உண்டு. அதன் பாரசீகக் கல்வெட்டு, 1653-இல் அதைக் கட்டியவர் ருஸ்தம் என்று சொல்கிறது. அவர் அஸ்தராபாத்துக்காரரான துல்ஃபிகாரின் மகன். கோல்கொண்டாவின் பெரும் அதிகாரியாக இருந்த மீர் ஜும்லாவிடம் வேலை பார்த்தவர். மதராஸில் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கோட்டை கட்டிப் பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

அஸ்தராபாத் எங்கே இருக்கிறது? காஸ்பியன் கடலின் தென்கிழக்கு மூலையில், இன்றைய ஈரானின் வடக்கில். ஜுர்ஜான் என்று அரபு நூல்கள் குறிப்பிடும் பகுதி அது. கல்வெட்டில் அந்த ஊர்ப்பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ருஸ்தமை விட 600 ஆண்டுகள் மூத்த ஒரு மாணவனின் ஞாபகம்தான் வரும். அதே ஜுர்ஜானுக்குப் பாடம் படிக்கப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவன் அவன்.

வழியில் கொள்ளையர் மறித்தார்கள். இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். மாணவன் மட்டும் விடாமல் அவர்கள் பின்னாலேயே ஓடினான். மற்றதெல்லாம் போகட்டும், ஆசிரியரிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் அந்த மூட்டையில் இருக்கின்றன, அவை உங்களுக்குப் பயன்படாது, எனக்கு அவைதான் கல்வி, கொடுத்துவிடுங்கள் என்று மன்றாடினான். கொள்ளையர் தலைவன் சிரித்தானாம். மூட்டையைப் பறித்தால் பறிபோகிறதென்றால் அது என்ன கல்வி என்று கேட்டுவிட்டு, குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தானாம். பையன் ஊருக்குப் போய், மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து அத்தனையையும் மனப்பாடம் செய்தான். அவன் பெயர் அபூ ஹாமித் முஹம்மது. உலகம் அவரை இமாம் கஸ்ஸாலி என்று அறியும்.

1058-இல் தூஸ் நகரில் பிறந்தவர் கஸ்ஸாலி. கொள்ளையன் கேட்டது அவருக்கு அப்போது பாதிதான் புரிந்தது என்று நினைக்கிறேன். கல்வியை மூட்டையிலிருந்து நினைவுக்கு மாற்றினார். யாரும் திருட முடியாத இடத்துக்குக் கொண்டுபோனார். ஆனால் நினைவில் இருப்பதும் ஒருவகையில் மூட்டைதான். மனிதனை மாற்றாத வரையில் அது அவன் சுமக்கும் பொருள் மட்டுமே. இந்த மீதிப் பாதி அவருக்குப் புரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

1091-இல் அவர் பாக்தாத் நிஜாமிய்யா கல்லூரியின் தலைமை ஆசிரியர். வயது 33. அமைச்சர் நிஜாமுல் முல்க் நேரே தேர்ந்தெடுத்த ஆள். 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதாக அவரே எழுதுகிறார். அரசவையில் மதிப்பு, வாதத்தில் எதிரியே இல்லாத நிலை. நான்கே ஆண்டுகளில் அத்தனையும் நின்றது.

என்ன நடந்தது என்பதைக் கஸ்ஸாலி தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறார். தான் எதற்காகப் பாடம் நடத்துகிறோம் என்று ஒருநாள் தன்னையே கேட்டுப் பார்த்தார். இறைவனுக்காக அல்ல, பேருக்கும் புகழுக்கும்தான் என்று தெரிந்தது. போய்விட வேண்டும் என்று காலையில் முடிவெடுப்பார்; மாலைக்குள் ஆசை அந்த முடிவைக் கலைத்துவிடும். இப்படி 1095-இன் நடுவில் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதம். ஒருநாள் வகுப்பில் நாக்கு எழவில்லை. மாணவர்களுக்காக ஒரு வார்த்தையாவது சொல்லிவிடலாம் என்று முயன்றும் வாய் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடம்புக்கு வந்த நோய், மனம் ஆறாமல் மருந்து வேலை செய்யாது என்று கையை விரித்தார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் பாக்தாதை விட்டுக் கிளம்பினார். பிள்ளைகளின் பராமரிப்புக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சச் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் மினாரில் ஏறிக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு பகல் முழுவதும் தனியே இருப்பார். பிறகு எருசலேம், ஹஜ் பயணம், ஊர் திரும்பல். பத்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இந்த ஒதுக்கத்தில் பிறந்ததுதான் ‘இஹ்யா உலூமித்தீன்’. நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றிலும் பத்து நூல்கள், ஆக 40. மூன்றாம் கால்பகுதி மனிதனை அழிக்கும் குணங்களைப் பற்றியது. அதில் வரும் 22-ஆம் நூல் நஃப்ஸைப் பயிற்றுவது பற்றி. 23-ஆம் நூல் வயிறு, காமம் என்ற இரண்டு பசிகளை அடக்குவது பற்றி.

நஃப்ஸ் என்றால் எதிரி, அதைக் கொன்றுவிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. குர்ஆன் அதை ஒரே முகமாகக் காட்டவில்லை. யூசுஃப் அத்தியாயத்தில் அது தீமைக்குத் தூண்டுவது. கியாமா அத்தியாயத்தில் செய்த தவற்றுக்காகத் தன்னையே கடிந்துகொள்வது. ஃபஜ்ரு அத்தியாயத்தில் அமைதியடைந்து தன் இறைவனிடம் திரும்புவது. அம்மாரா, லவ்வாமா, முத்மயின்னா என்ற இந்த மூன்று நிலைகளும் ஒரே உள்ளத்தினுடையவை. அப்படியென்றால், முதல் நிலையில் இருப்பதைக் கொன்றுவிட்டால் மூன்றாம் நிலைக்குப் போவது யார்?

கஸ்ஸாலியின் வாதம் இந்த இடத்தில்தான் எழுகிறது. குணம் பிறவியிலேயே அமைந்தது, அதை மாற்ற முடியாது என்று அவர் காலத்திலும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அப்படியானால் அறிவுரைக்கும் வேதத்துக்கும் வேலையே இல்லையே என்பது அவர் பதில். பேரீச்சங்கொட்டை மரமும் அல்ல, பழமும் அல்ல. ஆனால் பராமரித்தால் பேரீச்ச மரமாக வளரும் தகுதி அதற்கு உண்டு. அதை மாமரமாக்க யாராலும் முடியாது. கோபத்தை வேரோடு பிடுங்குவதும் அப்படித்தான், முடியாது, முடிந்தாலும் கூடாது. கோபமே இல்லாதவன் தன்னையும் காத்துக்கொள்ள மாட்டான், மற்றவர்களையும் காக்க மாட்டான். பசியே இல்லாதவன் செத்துப்போவான். கோபமும் பசியும் அறிவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும் என்பதே அவர் கேட்பது.

அவர் சொல்லும் வழி நடைமுறையானது. கஞ்சன் கையை வலியப் பிடித்து இழுத்துக் கொடுக்கப் பழக வேண்டும், கொடுப்பது இயல்பாகும் வரை. அழகாக எழுத விரும்புகிறவன் முதலில் நல்ல எழுத்தைப் பார்த்துப் பார்த்து வலிந்து எழுதுகிறான். பழகப் பழக அது அவன் கையெழுத்தாகிவிடுகிறது. குணமும் அப்படி. ஆனால் எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆளைப் பார்த்து ஷைகு, அதாவது ஞான ஆசிரியர், மருந்து சொல்ல வேண்டும். பெருமை பிடித்தவனைக் கடைத்தெருவுக்கு அனுப்பிக் கையேந்தச் சொல்ல வேண்டும். உடுப்பில் மோகம் கொண்டவனை அடுக்களைப் புகையிலும் கழிவறையைக் கழுவும் வேலையிலும் விட வேண்டும். கோபக்காரனை முன்கோபி ஒருவனுக்குப் பணிவிடை செய்யச் சொல்ல வேண்டும். பொறுமையைப் பழக விரும்பிய ஒருவர், கூட்டத்தின் நடுவே தன்னைத் திட்டுவதற்குக் கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொண்டார் என்ற செய்தியையும் அவர் பதிவு செய்கிறார்.

தன் குறை தனக்கே தெரிவதற்கு அவர் நான்கு வழிகள் சொல்கிறார். குறையை அறியும் ஷைகிடம் போய் உட்காரலாம். உண்மையான நண்பனைக் காவலுக்கு வைக்கலாம். இரண்டும் கிடைக்காவிட்டால் எதிரியின் வாயைக் கேட்கலாம். முகஸ்துதி செய்யும் நண்பனை விட வெறுக்கும் எதிரியால் நன்மை அதிகம். நான்காவது, மக்களோடு கலந்து வாழ்வது. அடுத்தவரிடம் பிடிக்காத குணத்தைக் கண்டால், அது தன்னிடம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். மினாரில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர் இதை எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

அதே நூலில் குழந்தை வளர்ப்பு பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதியை நம் பெற்றோர்களும் ஆசிரியர்களும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். குழந்தையிடம் முதலில் தலைகாட்டும் ஆசை சாப்பாட்டு ஆசை. ஆகவே பயிற்சியும் சாப்பாட்டில் தொடங்க வேண்டும். அடுத்தவர் தட்டைப் பார்க்காதே, அவசரமாக விழுங்காதே, சில நேரம் வெறும் ரொட்டியும் தின்னப் பழகு. ஆனால் பிள்ளை ஒருமுறை தவறு செய்துவிட்டு மறைத்தால், கண்டும் காணாதது போல விட்டுவிட வேண்டும், அம்பலப்படுத்தக் கூடாது. பள்ளி விட்டு வந்ததும் விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்துப் படிப்பு படிப்பு என்று நெருக்கினால் அதன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும் என்கிறார். 900 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. நம் தெருக்களில் மாலை நேரத்தில் டியூஷன் வாசலில் பையைச் சுமந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால், அவர் இன்றைக்குத்தான் எழுதினாரோ என்று தோன்றுகிறது.

1095 என்ற ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கஸ்ஸாலி பாக்தாதை விட்டுப் போன அதே ஆண்டில்தான் ஜீலானிலிருந்து பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் படிப்பதற்காக அந்த நகருக்கு வந்தார். அவர் அப்துல் காதிர் ஜீலானி. தமிழ்நாட்டில் முகியித்தீன் ஆண்டவர் என்று சொன்னால்தான் பாட்டிமாருக்குத் தெரியும். படித்து முடித்தபின் அவரும் பல ஆண்டுகள் ஈராக்கின் பாழ்நிலங்களிலும் இடிபாடுகளிலும் அலைந்து தவமிருந்தார். பிறகு 1127 வாக்கில் பாக்தாதுக்குள் திரும்பி, மக்கள் முன் மேடையேறிப் பேசத் தொடங்கினார். கஸ்ஸாலியும் திரும்பினார். 1106-இல் நிஷாபூரில் மறுபடியும் பாடம் எடுத்தார். முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது புகழைக் கைவிடும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்ற பொருளில் எழுதினார். 1111-இல் சொந்த ஊரில் காலமானார்.

ஒதுங்கிப் போவதும் ஊருக்குத் திரும்புவதும் சேர்ந்ததுதான் இந்தப் பயிற்சி என்று நான் புரிந்துகொள்கிறேன். காட்டில் கோபம் வராது. கோபமூட்ட அங்கே ஆளில்லை. அடங்கியது கோபமா, அல்லது அதற்கு வாய்ப்பு இல்லாததால் தூங்குகிறதா என்பது ஊர் நடுவேதான் தெரியும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இராயபுரம் போவோம்.

ஜீலானியின் பெயரால் அமைந்த காதிரிய்யா தரீக்கா என்ற சூஃபி வழி தமிழ்க் கரையில் ஆழமாக வேரூன்றியது. அந்த வழியில் வந்தவர்தான் குணங்குடி மஸ்தான் சாகிபு. இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792-இல் பிறந்தார். கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றார். மாமன் மகளை மணம் முடித்துவைக்க வீட்டார் முனைந்தபோது மறுத்துவிட்டு வெளியேறினார். திருச்சியில் ஷாம் சாகிபிடம் பைஅத் என்ற உறுதிமொழி கொடுத்து முரீதானார், அதாவது சீடரானார். திருப்பரங்குன்றத்தில் சிக்கந்தர் தர்கா இருக்கும் மலையில் 40 நாள் கல்வத் என்னும் தனிமைத் தவம் இருந்தார் என்றும், பின்னர் சதுரகிரி, ஆனைமலை, நாகமலை என்று மலைமலையாகத் திரிந்தார் என்றும் அவர் வரலாறு சொல்வோர் எழுதியிருக்கிறார்கள். இந்த 40 என்ற கணக்கு மூஸா நபி மலையில் கழித்த நாற்பது இரவுகளிலிருந்து வருவது. குறைந்த உணவு, குறைந்த தூக்கம், குறைந்த பேச்சு, ஓயாத திக்ரு எனும் இறைநினைவு. சூஃபிகள் வழி வழியாகக் கைக்கொண்ட நான்கு கருவிகள் இவை.

திருமணத்தை மறுத்தது பற்றி ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். நபித்தோழர்களில் மூவர், ஒருவர் இரவெல்லாம் தொழுவேன் என்றும், ஒருவர் நாளெல்லாம் நோன்பிருப்பேன் என்றும், ஒருவர் மணமே செய்யமாட்டேன் என்றும் முடிவெடுத்தபோது நபிகள் நாயகம் அதை ஏற்கவில்லை. தான் தொழுவதும் தூங்குவதும் உண்டு, நோன்பு வைப்பதும் விடுவதும் உண்டு, மணமும் உண்டு. அதுவே தன் வழி என்று தெளிவாகச் சொன்னார். புகாரியின் தொகுப்பில் இடம்பெறும் நபிமொழி இது. துறவு இஸ்லாத்தின் பொதுவழி அல்ல என்பதில் ஐயமில்லை. மஸ்தான் சாகிபை மாதிரியாக வைத்து எல்லோரும் காட்டுக்குப் போங்கள் என்று அவரது தரீக்காவும் சொல்லவில்லை. கஸ்ஸாலியே கூட, பசியின் சிறப்பைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, முடிவில் உண்மையை உடைத்துச் சொல்கிறார். மனித இயல்பு நிறைவயிற்றின் பக்கமே சாய்வதால்தான் மார்க்கம் பசியை இவ்வளவு புகழ்கிறது; வயிறு கனப்பதும் தெரியாமல் பசி வதைப்பதும் தெரியாமல் நடுவில் இருப்பதே நோக்கம் என்கிறார். ஒரு பக்கம் வளைந்த மூங்கிலை மறுபக்கம் வளைத்துத்தான் நேராக்க முடியும்.

மலைகளிலிருந்து இறங்கிய மஸ்தான் சாகிபு வடசென்னைக்கு வந்தார். இராயபுரத்தில் பாவா லெப்பை என்பவருக்குச் சொந்தமாக, முள்ளும் புதரும் அடர்ந்து கிடந்த இடத்தில் தங்கினார். அவருக்கு அது தவத்துக்கான இடம். ஆனால் கும்பினி நகரம் பெருகிக்கொண்டிருந்த காலம். நகரம் அவரைத் தேடி அந்த முட்காட்டுக்குள் வந்தது. வந்தவர்களில் முஸ்லிம்களோடு இந்துக்களும் இருந்தார்கள். மகாவித்துவான் திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர் மீது நான்மணிமாலை பாடினார். அய்யாசாமி முதலியார் சீடரானார். வித்துவான்கள் வந்து வணங்கி நிற்கும்போது பெருமை தலைதூக்காமல் பார்த்துக்கொள்வது, மலைக்குகையில் பட்டினி கிடப்பதைவிடக் கடினமாக இருந்திருக்கும். அவர் பாடல்களில் தன்னைத்தானே நாயினும் கடையனாக வைத்து, தன் மனத்தைக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் குரல் ஓயாமல் கேட்பதற்குக் காரணம் இதுதான் என்று நம்புகிறேன். கடிந்துகொள்ளும் நஃப்ஸின் குரல் அது. சித்தர்களின் சொல்லாட்சியும் தாயுமானவரின் சாயலும் கலந்த தமிழில் முகியித்தீன் சதகம், பராபரக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, அகத்தீசன் சதகம் என்று பாடிவைத்துவிட்டு 1838-இல் மறைந்தார். தொண்டியார்பேட்டையில் அவர் தர்கா இருக்கிறது. தொண்டிக்காரர் வந்து தங்கியதால்தான் அந்தப் பேட்டைக்கு அப்படிப் பெயர் என்று பலரும் சொல்வார்கள். 1693-இல் கும்பினிக்குக் கிடைத்த கிராமங்களின் வரிசையிலேயே தொண்டியார்பேட்டை இருக்கிறது என்பதால் அந்தக் கதையை நான் ஏற்பதில்லை. ஒரு பேட்டையே அவர் பெயரைத் தனதென்று சொல்ல ஆசைப்படும் அளவுக்கு மக்கள் அவரை நேசித்தார்கள் என்பது மட்டும் உண்மை.

அவர் மறைந்து 18 ஆண்டுகள் கழித்துத்தான் இராயபுரத்தில் ரயில் ஊதியது.

அந்த ரயில் போன திசையில், வேலூரில், அப்போது மௌலானா முஹ்யித்தீன் சையிது அப்துல் லத்தீஃப் காதிரி வாழ்ந்துகொண்டிருந்தார். குத்பே வேலூர் என்று மக்கள் அழைத்தவர். அவரும் காதிரி வழியினர்தான். ஆனால் அவரது முறை வேறு. காட்டுக்குப் போகவில்லை, குடும்பத்தோடும் மாணவர்களோடும் ஊர் நடுவே இருந்தார். ஷரீஅத்தின் சட்டமும் உள்ளத்தின் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பது அவர் வழி. 1872-இல் மதீனாவில் காலமானார். அவர் இருந்த இடம் இன்றும் வேலூரில் ஹள்ரத் மக்கான் என்றே வழங்கப்படுகிறது. லத்தீஃபிய்யா அரபிக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரிடம் பயின்ற ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹள்ரத், மக்காவுக்குப் போய்ப் படித்துத் திரும்பி, வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியை உருவாக்கினார். தமிழ் முஸ்லிம்களின் சமய வாழ்வில் இந்தக் கல்லூரி செய்த வேலையை அளந்து சொல்வது எளிதல்ல. அங்கே பட்டம் பெற்றவர்கள் பாகவி என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். தமிழகத்தில் எந்தப் பள்ளிவாசல் மஹல்லாவுக்குப் போனாலும் ஒரு பாகவியைச் சந்திக்கலாம். குர்ஆனைத் தமிழில் பெயர்த்த அப்துல் ஹமீது பாகவியும் அங்கே படித்தவரே. ஆசிரியர் முன் மண்டியிட்டு உட்கார்வது, விடியலுக்கு முன் எழுவது, பொதுத் தட்டில் தன் பக்கத்தை மட்டும் உண்பது, தன்னைவிட இளையவன் நன்றாக ஓதினால் பொறாமைப்படாமல் கேட்பது என்று மதரஸாவின் அன்றாட ஒழுங்கிலேயே நஃப்ஸின் பயிற்சி கலந்திருக்கிறது. கஸ்ஸாலி அடுக்களைப் புகையில் விடச் சொன்னாரே, அதே பாடம்தான் பல ஆண்டுகளுக்குச் சிறிது சிறிதாகப் பரப்பித் தரப்படுகிறது.

முட்காடா, மதரஸாவா என்று கேட்டால், மதரஸாதான் அதிகம் பேரைத் தொட்டது என்பேன். மஸ்தான் சாகிபு போன்ற ஒருவர் நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவார். மஹல்லாவுக்கு ஒரு நல்ல இமாம் ஒவ்வொரு நாளும் வேண்டும். ஆனால் அந்தப் பாடல்கள் இல்லாமல், இமாம் பேசும் பயிற்சியின் தாகம் எப்படிப்பட்டது என்று தமிழில் நமக்குத் தெரிந்திருக்காது.

ஷைகு, முரீது, தர்கா என்ற இந்த ஏற்பாடுகளையே ஏற்காத முஸ்லிம்களும் இன்று தமிழகத்தில் கணிசமாக இருக்கிறார்கள். இறைவனுக்கும் அடியானுக்கும் நடுவே ஆள் தேவையில்லை, குர்ஆனும் நபிவழியும் போதும் என்பது அவர்கள் நிலை. தர்காவை முன்னிட்டு நடக்கும் சில பழக்கங்கள் மீது அவர்கள் வைக்கும் விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் உள்ளத்தைத் தூய்மைப்படுத்தியவனே வெற்றி பெற்றான் என்ற குர்ஆனின் அறிவிப்பில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. வேறுபாடு வழியில் இருக்கிறது, வேலையில் இல்லை.

இனி நம் ஊர். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்ததால் நாடறிந்த ஆவடி, 1961-இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையால் பீரங்கி வண்டிகளின் ஊரானது. 1965-இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி இங்கிருந்து வெளிவந்தது. சங்கு ஊதும் நேரத்துக்கு வாழ்க்கை ஓடும் ஊர். இந்த ஊரில் மினார் மீது ஏறிக் கதவைப் பூட்ட யாராலும் முடியாது. ஆனால் ஷிப்டுக்குப் போகிறவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கல்வத் வருகிறது. அது ரமலான்.

நம் அட்சரேகையில் விடியலின் சுபுஹு முதல் அந்தியின் மஃரிபு வரை நோன்பு ஏறத்தாழ 12½ மணி நேரத்திலிருந்து 14 மணி நேரம் வரை நீளும். பிறைக்கணக்கில் ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே வந்துகொண்டே இருப்பதால், சுமார் 33 ஆண்டுகளில் ஒருவர் மார்கழிக் குளிரிலும் கத்திரி வெயிலிலும் நோன்பு வைத்து முடித்திருப்பார். ஸஹருக்கு எழுந்து உண்டு, சுபுஹு தொழுது, புறநகர் ரயிலில் தொங்கிக்கொண்டு போய், உலைக்கு முன்போ இயந்திரத்துக்கு முன்போ நின்று வேலை பார்த்து, தாகத்தோடு திரும்புகிறவர் செய்வது எளிய தவமல்ல. தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. குடித்தால் யாருக்கும் தெரியாது. குடிக்காமல் இருக்கிறார். சக ஊழியர் மேஜையில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது, மேலாளர் கத்துகிறார், ரயிலில் ஒருவர் காலை மிதிக்கிறார். அத்தனையும் கஸ்ஸாலி சொன்ன நான்காவது வழியின் பாடங்கள். நோன்பு வயிற்றுக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் நாவுக்கும் காதுக்கும் கைக்கும் உண்டு; அதுவே சிறப்பானவர்களின் நோன்பு என்று இஹ்யாவில் வகைப்படுத்துகிறார் அவர். புறம் பேசியவனின் நோன்பில் மிஞ்சுவது பசியும் தாகமும்தான்.

அதே இடத்தில் அவர் எழுதியிருக்கும் இன்னொன்று நம் காலத்துக்கு உறைக்கும். பகலில் உண்ணாததையெல்லாம் இரவில் சேர்த்து உண்டால் நோன்பால் என்ன பயன் என்று கேட்கிறார். ரமலானுக்கென்றே தனியாக வகைவகையாகச் சமைத்துச் சேர்க்கும் வழக்கத்தைக் கடிந்துகொள்கிறார். பச்சரிசியும் பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் பார்த்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அண்டா, ஒரே கரண்டி. 2001 முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு இதற்கென அரிசி வழங்கிவருகிறது. அக்கம்பக்கத்து இந்து, கிறித்தவப் பிள்ளைகள் தூக்குவாளியோடு வந்து வாங்கிப் போவது நம் வடசென்னை, மேற்குச் சென்னைத் தெருக்களின் பழைய வழக்கம். நோன்பு திறந்ததும் விடிய விடியக் கடைவீதிகளில் இறைச்சி வகைகளைத் தேடி அலையும் இன்றைய இரவுகளைப் பற்றி அவர் என்ன எழுதியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இரவுகள் தொழுகைக்கும் தனிமைக்கும் உரியவை. உணவகங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நாம் தொடங்கிய பூந்தமல்லிப் பள்ளிவாசலில் இன்னும் ஒரு செய்தி பாக்கியிருக்கிறது. அதைக் கட்டிய ருஸ்தமின் எஜமான் மீர் ஜும்லா, வைரச் சுரங்கங்களையும் கப்பல்களையும் சேர்த்த பேராசைக்காரர்; பள்ளிவாசல் எழும்பிச் சில ஆண்டுகளுக்குள், தன்னை வளர்த்த கோல்கொண்டா சுல்தானை விட்டு ஔரங்கசீப்பின் பக்கம் போய்ச் சேர்ந்தார். அந்த மாற்றத்தால் பூந்தமல்லியும் புனித ஜார்ஜ் கோட்டையும் பட்ட பாட்டை அடுத்த இதழில் பார்ப்போம்.